நீறு பூத்த நெருப்பு: விழித்திரைக் குழாய் அழற்சியும் அதைக் காட்டும் கருவிகளும்



1880ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரைச் சேர்ந்த ஹென்றி ஈல்ஸ் என்னும் கண் மருத்துவர், தம்மிடம் வந்த சில இளைஞர்களின் நோயைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்த இளைஞர்களின் விழித்திரையில் திரும்பத் திரும்ப இரத்தம் கசிந்தது. கசியும்போது பார்வையின் முன் திரை விழும். நாளடைவில் இரத்தம் வடிந்து கண் தெளியும். பின்னர் மீண்டும் கசியும். அவர்களிடம் மூக்கில் இரத்தம் வடிதலும் மலச்சிக்கலும் சேர்ந்திருப்பதை ஈல்ஸ் கண்டார். குடலின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் தலையின் குழாய்களில் இரத்தம் மிகுந்து கண்ணில் வெடிக்கிறது என்று அவர் விளக்கம் கூறினார். அவ்விளக்கம் நிலைக்கவில்லை. விழித்திரைக் குழாய்களின் சுவரே அழற்சியுற்றுப் புண்பட்டிருக்கிறது என்பதைப் பின்வந்த மருத்துவர்களே கண்டு சொன்னார்கள். ஆயினும் நோய்க்கு ஈல்ஸின் பெயரே நிலைத்துவிட்டது.

அவரைக் குறை கூறுவதற்கில்லை. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் உலகுக்கு அறிவித்த கண்நோக்கி ஒன்றுதான் அவர் கையில் இருந்தது. கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தி விழித்திரையைக் காண அது உதவியது. சிந்திய இரத்தத்தை அது காட்டும். சிந்துவதற்கு முன்பே சுவர் இளகிப் போயிருப்பதை அது எளிதில் காட்டாது. இந்த உரையின் பொருள் அந்த இடைவெளியைப் பற்றியதே.

மேற்கு நாடுகளில் ஈல்ஸ் நோய் இன்று அரிதாகிவிட்டது. இந்தியாவில் அப்படியன்று. இருபது முதல் நாற்பது வயதுக்குள் இருக்கும் ஆண்களையே பெரும்பாலும் பற்றும் இந்நோய், நம் நாட்டுக் கண் மருத்துவமனைகளுக்கு நன்கு பழக்கமானது. காசநோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்னும் வினா நெடுங்காலமாக எழுந்து வந்திருக்கிறது. சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆய்வாளர்கள், ஈல்ஸ் நோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தபோது விழித்திரையின் மேலிருந்து உரித்தெடுத்த சவ்வுகளைச் சோதித்து, காசநோய்க் கிருமியின் மரபணுத் துணுக்கு அவற்றுள் பலவற்றில் இருப்பதை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒப்பீட்டுக்காக எடுத்த பிற நோயாளிகளின் சவ்வுகளில் அது குறைவாகவே இருந்தது. இதனைக் கொண்டு ஈல்ஸ் நோய் அனைத்தும் காசநோயே என்று முடிவு கட்டிவிட இயலாது. ஆனால் கண்ணைப் பார்க்கும் மருத்துவர் நெஞ்சையும் சோதிக்கச் சொல்வது ஏன் என்பது இதனால் விளங்கும்.

விழித்திரைக் குழாய் அழற்சிக்கு ஈல்ஸ் நோய் ஒரு முகம் மட்டுமே. வாயிலும் பிறப்புறுப்பிலும் புண்கள் தோன்றிக் கண்ணையும் தாக்கும் பெசெட் நோயை இஸ்தான்புல் நகரத்துத் தோல் மருத்துவர் ஹுலுசி பெசெட் 1937இல் விவரித்தார். லூப்பஸ், சார்கொய்டோசிஸ் போன்ற உடல்முழுதும் பரவும் நோய்களும், மேகநோய் முதலிய தொற்றுகளும் இதே அழற்சியை உண்டாக்கக்கூடும். காரணம் எதுவாயினும் குழாய்க்கு நேரும் கேடுகள் ஒன்றையொன்று ஒத்தவை.

விழித்திரையின் இரத்தக் குழாய்கள் உடலின் மற்றக் குழாய்களைப் போன்றவை அல்ல. அவற்றின் உட்சுவரிலுள்ள செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, இரத்தத்திலுள்ளவை கண்டபடி வெளியேறாமல் காவல் செய்கின்றன. அழற்சி வந்தால் முதலில் குலைவது இந்தக் காவலே. இரத்தத்தின் நீர் சுவரைக் கடந்து ஊறி வெளியேறுகிறது. அந்நீர் விழித்திரையின் நடுப்பகுதியாகிய மாகுலாவில் தேங்கினால் எழுத்து மங்கும், நேர்க்கோடு வளைந்து தோன்றும். ஓரங்களில் ஊறினால் நோயாளிக்கு எதுவுமே தெரியாது. அழற்சி முற்றினால் குழாய் அடைபடும். அடைபட்ட குழாயை நம்பியிருந்த விழித்திரை, கடைமடைக்குத் தண்ணீர் வராத வயலைப் போலக் காய்கிறது. காயும் விழித்திரை உயிர்வளிக்காக ஏங்கிச் சில வேதிப்பொருள்களைச் சுரக்க, அவற்றின் தூண்டுதலால் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. கேட்பதற்கு நல்ல செய்தி போலத் தோன்றும். ஆனால் அப்புதுக் குழாய்கள் சுவர் வலுவற்றவை; வளரக்கூடாத இடத்தில் வளர்பவை. அவை உடைந்தால்தான் விட்ரியஸ் என்று மருத்துவர் கூறும் கண்ணின் உள்ளறைக் கூழில் இரத்தம் கொட்டுகிறது. அவற்றோடு வளரும் நார்ச்சவ்வு சுருங்கினால் விழித்திரையையே இடத்தைவிட்டுப் பெயர்த்து இழுத்துவிடும்.

ஊறல், அடைப்பு, முளைப்பு, உடைப்பு என்று நோய் நடக்கும் இந்த வழியில், நோயாளி பெரும்பாலும் விழித்துக்கொள்வது உடைப்பில்தான். இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஒருநாள் காலையில் ஒரு கண்ணின் முன் பூச்சி பறப்பது போலவும் ஒட்டடை தொங்குவது போலவும் தோன்றுகிறது. வலியில்லை. சில வாரங்களில் இரத்தம் அடியில் படிந்து, மருத்துவமனைச் சுவரிலுள்ள எழுத்துப் பலகையின் கடைசி வரியையும் படித்துவிடுகிறார். மருந்துண்டதால் தெளிந்தது என்று மகிழ்ந்து மாத்திரையை நிறுத்துகிறார், அடுத்த பரிசோதனைக்கும் போவதில்லை. இது மருத்துவர்கள் அடிக்கடி காணும் நிகழ்ச்சி. எழுத்துப் பலகை மாகுலாவை மட்டுமே சோதிக்கிறது. ஓரத்தில் பாதி விழித்திரை இரத்தமின்றிக் காய்ந்து கிடந்தாலும் அந்தப் பலகையில் முழு மதிப்பெண் கிடைக்கலாம். நீறு பூத்த நெருப்பு என்று தமிழர் சொல்வது இத்தகைய நிலையைத்தான். சாம்பலை ஊதிப் பார்க்கும் ஊதுகுழலாகப் படக்கருவிகள் வந்திருக்கின்றன.

அவற்றுள் மூத்தது ஃப்ளோரசின் ஆஞ்சியோகிராம். ஃப்ளோரசின் என்பது 1871இல் அடால்ஃப் ஃபான் பேயர் என்னும் ஜெர்மானிய வேதியியலார் ஆக்கிய சாயம். நீல ஒளி பட்டால் பசுமஞ்சளாக ஒளிரும். தானூப் ஆற்றின் நீர் ஓரிடத்தில் தரைக்குள் மறைவதையும் வேறோர் ஊற்றில் அது வெளிப்படுவதையும் 1877இல் மெய்ப்பித்தபோது இச்சாயமே ஆற்றில் கரைக்கப்பட்டது. மறைந்தோடும் நீரின் தடத்தைக் காட்டிய பொருள், எண்பது ஆண்டுகளுக்குப் பின் மனிதக் கண்ணுக்குள் ஓடும் இரத்தத்தின் தடத்தைக் காட்ட வந்தது. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற ஹெரால்டு நவாட்னி, டேவிட் ஆல்விஸ் என்னும் இரு மாணவர்கள் 1959இல் இதனைச் செய்தனர். யார் கையில் ஊசி போட்டுக்கொள்வது என்பதை நாணயம் சுண்டிப் பார்த்து முடிவு செய்தார்களாம், ஆல்விஸ் தோற்றார். அவர்கள் எழுதிய கட்டுரையைக் கண் மருத்துவ உலகம் முதலில் வரவேற்கவில்லை. 1961இல் இரத்த ஓட்டவியல் சார்ந்த இதழொன்றில்தான் அது இடம்பெற்றது. இன்று அம்முறையின்றி விழித்திரை மருத்துவமே இல்லை.

முறை எளியது. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை இட்டபின், கைச்சிரையில் சாயத்தை ஏற்றுவார்கள். பத்துப் பதினைந்து நொடிகளில் சாயம் கண்ணை அடையும். அப்போதிருந்து சுமார் பத்து நிமிடம் வரை கருவி தொடர்ந்து படம் எடுக்கும். நலமான கண்ணில் குழாய்கள் கோடு கிழித்தது போல் ஒளிர்ந்து, நேரம் செல்லச் செல்ல மங்கும். அழற்சியுற்ற குழாயிலோ சுவரே சாயத்தை உறிஞ்சி ஒளிரும். பின்னர் ஈரத்தாளில் மைபரவுவது போலச் சாயம் வெளியே பரவும். பெசெட் நோயில் நுண்குழாய்கள் கசியும்போது அப்படம் பெரணிச் செடியின் இலையை ஒத்திருக்கும் என்பர். அடைபட்ட பகுதி கரும்படலமாய்த் தெரியும். புதுக் குழாய் முளைத்த இடம் பந்தம் ஏற்றியதுபோல் ஒளியைக் கொட்டும். வெறும் கண்நோக்கியில் அமைதியாகத் தோன்றிய கண்ணில் இவை யாவும் வெளிப்படுவது உண்டு. இதற்கு மறுதலையும் உண்டு. ஆறிப்போன அழற்சி குழாயின்மேல் வெண்ணிற உறை போன்ற தழும்பை விட்டுச் செல்லும். பார்ப்பவருக்கு நோய் தீவிரமாய் இருப்பதாகத் தோன்றும். சாயம் ஏற்றிப் பார்த்தால் ஒரு துளியும் கசியாது. தழும்புக்கு மருந்து கொடுத்துப் பயனில்லை.

இம்முறைக்கு ஒரு பெருங்குறை இருந்தது. பழைய படக்கருவி ஒரே நேரத்தில் முப்பது முதல் ஐம்பது பாகை அகலத்தையே காணும். ஈல்ஸ் நோயோ விழித்திரையின் ஓரங்களில் குடியிருப்பது. நோயாளியை மேலே பார், கீழே பார் என்று திருப்பித் திருப்பிப் படமெடுத்தாலும் ஓரத்தின் ஒரு பகுதி தப்பிவிடும். இக்குறையைப் போக்கியதில் ஒரு தந்தைக்குப் பங்குண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டக்ளஸ் ஆண்டர்சன் ஒரு பொறியியல் வடிவமைப்பாளர். அவருடைய ஐந்து வயது மகன் ஒரு கண்ணில் பார்வையை இழந்தான். முறையாகக் கண் பரிசோதனைக்குச் சென்றுவந்த சிறுவன்தான். ஆயினும் விழித்திரை விலகியதைக் காலங்கடந்தே கண்டுபிடித்தனர். குழந்தையை அசையாமல் உட்காரவைத்து விழித்திரையின் ஓரம்வரை பார்ப்பது எளிதன்று. நொடிப்பொழுதில், வலியின்றி, பெரும்பகுதி விழித்திரையை ஒரே படத்தில் காட்டும் கருவி வேண்டும் என்று அவர் உறுதிகொண்டார். 1992இல் ஆப்டாஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நீள்வட்ட வடிவக் கண்ணாடியைக் கொண்டு இருநூறு பாகை வரை காணும் அக்கருவி, விழித்திரையின் ஐந்தில் நான்கு பங்கை ஒரே படத்தில் அடக்குகிறது. மகனுடைய அந்தக் கண்ணுக்கு அது உதவவில்லை. இன்று அதில் ஃப்ளோரசின் படமும் எடுக்கிறார்கள். பழைய கருவியில் காணாமற்போன ஓரக் கசிவுகளும் அடைப்புகளும் அகன்ற படத்தில் அகப்படுகின்றன. லேசர் எங்கே இடவேண்டும் என்று மருத்துவர் வரையறுப்பதற்கு இதைவிடச் சிறந்த வரைபடம் இல்லை.

அடுத்தது ஓ.சி.டி. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த குழுவினர் 1991இல் இதை அறிவித்தனர். அதற்காக டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ, எரிக் ஸ்வான்சன் ஆகிய மூவரும் 2023இல் லாஸ்கர் விருது பெற்றனர். ஒலிக்கு மாறாக ஒளியைக் கொண்டு செய்யும் ஸ்கேன் என்று இதனை எளிமையாகச் சொல்லலாம். ஊசி இல்லை, சாயம் இல்லை, கண்ணைத் தொடுவதும் இல்லை. கத்தியால் அறுத்துப் பார்ப்பதுபோல் விழித்திரையின் அடுக்குகள் தனித்தனியே தெரியும். மாகுலாவின் நடுத் தடிமன் நலமானவர்க்கு ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர். அழற்சியால் நீர் கோத்தால் அது வீங்கும். மருந்து வேலை செய்தால் வற்றும். ஒவ்வொரு முறையும் கருவி எண்ணாகவே அளந்து தருவதால், சென்ற மாதத்திற்கும் இந்த மாதத்திற்கும் உள்ள வேறுபாட்டை நோயாளியே படித்தறியலாம். அதனால் குடும்பத்தார் மனத்தில் ஓ.சி.டி. ஒன்றே போதும் என்ற எண்ணம் எளிதில் வேரூன்றுகிறது. அது பிழை. ஓ.சி.டி. வழக்கமாகக் காண்பது விழித்திரையின் நடுப்பகுதியையே. ஓரத்தில் எரியும் நெருப்பை அது அறியாது.

ஓ.சி.டி. ஆஞ்சியோகிராபி என்பது இதன் இளைய உடன்பிறப்பு. ஒரே இடத்தை நொடிக்குள் பலமுறை படமெடுத்து, அசையாதவற்றைக் கழித்துவிட்டு, அசைவதை மட்டும் வரைகிறது. விழித்திரையில் அசைவது இரத்த அணுக்களே. ஆகவே சாயமே இல்லாமல் நுண்குழாய் வலையை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டிவிடுகிறது. ஆழத்திலுள்ள அடுக்கின் நுண்குழாய்கள் குறைந்திருப்பதை ஃப்ளோரசின் படம் தெளிவாகக் காட்டுவதில்லை, இது காட்டும். அடைப்பை அறிய இது மிக நல்ல கருவி. ஆனால் சுவரைக் கடந்து மெல்ல ஊறும் நீரில் இரத்த அணு இல்லை. எனவே கசிவு இதன் கண்ணுக்குப் புலப்படாது. அழற்சியின் உயிர்நாடியான அடையாளமே கசிவு என்பதால், சாயம் ஏற்றும் பழைய முறை இன்றும் ஓய்வு பெறவில்லை. புதிய கருவி வந்துவிட்டது, ஊசி வேண்டாம் என்று நோயாளி கேட்பது இயல்புதான். மருத்துவர் மறுத்தால் அதற்கு இதுவே காரணம்.

இனி, இப்படங்களை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதே முதன்மையான செய்தி. முதலில் காரணத்தைத் தேடுகிறார்கள். நெஞ்சுப் படம், காசநோய்க்கான சோதனை, மேகநோய்க்கான இரத்தச் சோதனை முதலியவற்றை முடிக்காமல் அழற்சியை அடக்கும் மருந்தை உயர்ந்த அளவில் தொடங்குவது ஆபத்து. மறைந்திருக்கும் தொற்றுக்கு அது வழி திறந்துவிடும். காரணம் எதுவென்று படம் சொல்லாது. இந்த ஒன்றில் எத்துணை விலையுயர்ந்த கருவியும் ஊமை. தொற்று இல்லையென்று தெளிந்தபின், அல்லது தொற்றுக்குரிய மருந்தின் காவலோடு, ஸ்டீராய்டு தருகிறார்கள். நெடுநாள் தேவைப்பட்டால் மெத்தோட்ரெக்சேட், அசாதியோபிரின் போன்றவையும், பெசெட் போன்ற கடுநோயில் அடாலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசிகளும் உண்டு. விழித்திரை காய்ந்து புதுக் குழாய் முளைத்திருந்தால், காய்ந்த பகுதியில் லேசர் இடுகிறார்கள். இரத்தம் வடியாமல் தேங்கினால் அறுவைச் சிகிச்சை.

ஸ்டீராய்டு இருமுனைக் கத்தி. எலும்பைத் தேய்க்கும், சர்க்கரையை ஏற்றும், கண்ணிலேயே புரையையும் கண்ணழுத்தத்தையும் உண்டாக்கும். தேவைக்குமேல் ஒரு மாதம் கொடுத்தாலும் கேடு. தேவைக்கு முன் நிறுத்தினாலும் கேடு. நன்றாகத் தெரிகிறது என்னும் நோயாளியின் சொல்லைக் கொண்டு இதனைத் தீர்மானிக்க முடியாது. முந்தைய படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்து, கசிவு குறைந்ததா, அடைப்பு விரிந்ததா, புது முளை தோன்றியதா என்று பார்த்தே மருந்தின் அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். குறைத்தபின் மறுபடியும் பார்க்கிறார்கள். படத்தில் சிறுகசிவு எஞ்சியிருக்கிறது, நோயாளிக்கோ ஒரு துன்பமும் இல்லை என்றால், அந்தக் கசிவு முற்றும் நிற்கும்வரை மருந்தைக் கூட்ட வேண்டுமா என்பதில் வல்லுநர்களே கருத்து வேறுபடுவதுண்டு. இரு மருத்துவர் இரு விதமாகச் சொன்னால் ஒருவர் அறியாதவர் என்று பொருளில்லை.

வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், ஆரணிப் பக்கத்துச் சிற்றூர்களில் வாழும் குடும்பங்களுக்கு, அகன்ற படக்கருவியுள்ள மருத்துவமனை என்றால் பெரும்பாலும் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ பயணம் என்று பொருள். ஆகவே சில நடைமுறைச் செய்திகள். சொட்டு மருந்தால் விரிந்த கண்மணி சில மணிநேரம் கூசும், வண்டி ஓட்டக்கூடாது, துணைக்கு ஒருவர் வேண்டும். சாயம் ஏற்றியபின் தோல் சில மணிநேரம் மஞ்சளாகவும், சிறுநீர் ஒருநாள் வரை நிறம் மாறியும் இருக்கும். காமாலை என்று அஞ்ச வேண்டா. சிலருக்குக் குமட்டும். கடும் ஒவ்வாமை மிக அரிது. ஆனால் முன்பு எந்த மருந்துக்கேனும் ஒவ்வாமை, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, பெண்கள் கருவுற்றிருந்தாலோ முன்கூட்டியே சொல்லவேண்டும்.

நோன்பு காக்கும் குடும்பங்கள் அறியவேண்டியது இன்னொன்று உண்டு. சாயம் சிறுநீர் வழியே வெளியேறுவதால் அன்று போதிய நீர் பருகச் சொல்வார்கள். கதிரவன் மறைந்தபின் நீரும் பருகாதவர்கள், பரிசோதனையைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுமாறு கேட்டுப் பெறலாம். முழு உண்ணாநோன்பு நாளைத் தவிர்க்கலாம். ஸ்டீராய்டு மாத்திரை உணவுக்குப்பின் காலையில் உண்ணப்படுவது. வாரக்கணக்கில் அதை உண்டு வந்தவர் ஒரேயடியாக நிறுத்தினால், தானே சுரக்க மறந்துபோன உடல் தளர்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். தசலட்சண நாட்களில் நோன்பேற்க விரும்பினால் அதைச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்; என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது என்பதை அவர் வகுத்துத் தருவார். சொல்லாமல் நிறுத்துவதுதான் தவறு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மருத்துவமனை தரும் படங்களை, தாளாயினும் குறுந்தகடாயினும், தேதி குறித்து ஓர் உறையில் சேர்த்து வையுங்கள். வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டியிலேயே வைக்கலாம். ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும் அந்த உறை உடன் செல்லட்டும். சென்ற ஆண்டின் படம் கையில் இல்லாத மருத்துவர், இன்றைய படத்திலுள்ள அடைப்பு பழையதா நேற்று வந்ததா என்று அறியாமல் தவிக்கிறார். அடுத்த பரிசோதனையின் நாளையும் அந்த உறையின்மேலேயே எழுதி வையுங்கள். அந்த நாளில் கண் தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்தாலும் புறப்பட்டுச் செல்லுங்கள்.